பாதிப் பெயரை வைத்து ஆளைத் தேட: பிஜி டிரைகிராம்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் பிஜி டிரைகிராம் (pg_trgm) என்கிற இந்த எக்ஸ்டென்ஷனை, அதாவது கூடுதல் இணைப்பை, ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் டேபிளும் ரசீது டேபிளும் ஐடி வழியாக இணைந்திருந்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் ரசீதில் பெயர் மட்டும், அதுவும் ஆளுக்கொரு விதமாக டைப் அடித்துக் கிடக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். சொல்லை மூன்று மூன்று எழுத்தாக உடைத்து, இரண்டு பெயர்களுக்கும் எத்தனை துண்டுகள் பொது என்று பார்க்கிறது. சொற்கள் வரும் வரிசை முக்கியமில்லை. அதனால் 'கே. முருகன்', 'முருகன் கே' இரண்டையும் ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ஒற்றுமைக்கு முழு மதிப்பெண்ணான 1 வந்துவிடும். இனிஷியலை முன்னும் பின்னும் போடுகிற நம் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்!

இந்தத் துண்டுகளுக்கு ஜின் (GIN) என்ற வகை இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணை, போட்டால் இருபுறமும் சதவீதக் குறி வைத்து, பெயரின் நடுவில் இருப்பதையும் தேடும் லைக் (LIKE) தேடலும் வேகமெடுக்கும், சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் அங்கே உதவாது. ஆனால் மூன்று எழுத்துக்குக் குறைவாகத் தேடினால் அந்த வேகம் கிடைக்காது.

குறை என்றால் சின்னப் பெயர்கள்தான். இரண்டு பெயர்கள் பொருந்துவதாகக் கொள்ள வேண்டிய மதிப்பெண்ணின் இயல்பான வரம்பு 0.3, அதில் ராமுவும் ராமனும் ஒரே ஆள் போல வந்து நிற்பார்கள். வரம்பை ஏற்றினால் நல்ல பொருத்தங்களும் போய்விடும். அதற்குப் பதில் முதலில் மாவட்டக் குறியீடு மாதிரி உறுதியான ஒரு பத்தியை (காலம்) வைத்து இரண்டு டேபிளையும் ஜாயின் செய்துவிட்டு, அப்புறம் பெயரை ஒப்பிடுங்கள். தனிக் கட்டணம் எதுவும் இல்லை, போஸ்ட்கிரெஸ் பதிப்பு 13 முதல் சூப்பர்யூசர் (முழு அதிகாரமுள்ள கணக்கு) இல்லாமலே, டேட்டாபேஸில் கிரியேட் உரிமை இருந்தாலே நிறுவலாம்.