லூபஸ் ஜீன் டெஸ்ட் பேக்கேஜ்: ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிய சிவப்புப் பட்டை

வீட்டில் ஒருவருக்கு லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்) இருக்கிறது, பிள்ளைகளுக்கும் வருமா என்று பார்க்க ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன், வேண்டாம்.

லூபஸ் என் அக்காவுக்கு. கல்லூரியில் படிக்கும் அவள் மகளுக்காக மாமா ஆன்லைனில் ஒரு தனியார் லேபின் பேக்கேஜைப் பார்த்து புக் பண்ணிவிட்டார், ஒன்பதாயிரத்துச் சொச்சம். சாம்பிள் எடுக்க வந்த தம்பியைக் குறை சொல்லவே முடியாது. சொன்ன நேரத்துக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தார். ஊசி இல்லை, எச்சில்தான். குழாயில் கோடு வரை வர வேண்டும், நுரை கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டு, இவள் வாய் வறண்டுபோய் உட்கார்ந்திருந்தபோதும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

ரிப்போர்ட்தான் மோசம். வழவழ காகிதத்தில் ஜீன்களை வைத்துப் போட்ட ஒரு ஆபத்து ஸ்கோர், அதற்கு ஒரு சிவப்புப் பட்டை, கீழே ‘சராசரியைவிட அதிக ஆபத்து’. அந்தச் சராசரி எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. லூபஸே அரிதாக வரும் நோய், அது இரண்டு மடங்கானாலும் அரிதுதான் என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பெண் ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்துப் பருவை லூபஸ் தடிப்போ என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டாள்.

பட்டியலில் இருந்த ஜீன்கள் பொய்யில்லை. ஐஆர்எஃப்5, ஸ்டாட்4 இரண்டும் இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்தால் உடம்பு எச்சரிக்கைக்காக விடும் புரதம்) சமிக்ஞையோடு தொடர்புள்ளவை, லூபஸ்காரர்கள் பலரிடம் அந்தச் சமிக்ஞை தேவையில்லாமல் ஓங்கியே இருக்கும். டிஎன்எஃப்ஏஐபி3 என்பது ஏ20 புரதத்துக்கான ஜீன், நோய் எதிர்ப்புச் செல்கள் கொதித்தெழுந்தால் அடக்கிவைக்கும் பிரேக் அது. ஆனால் லூபஸோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுப்பில் நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள், பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும், அதிலும் நிறைய மாற்றங்கள் புரதத்தைக் கெடுப்பதில்லை, எந்தச் செல்லில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யும் என்பதைத்தான் சற்று மாற்றுகின்றன. அதே மாற்றங்களோடு எந்த நோயும் இல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். 1992-ல் வந்த ஒரு ஆய்வில், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 24 சதவீத ஜோடிகளில்தான், சாதாரண இரட்டையரில் 2 சதவீதம். ஜீன் அத்தனையும் ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான் என்றால் இந்த ஸ்கோர் எதைச் சொல்லிவிடப் போகிறது?

ஒற்றை ஜீனே காரணமாகிற லூபஸும் உண்டு, மறுக்கவில்லை. சி1க்யூ புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு வந்துவிடும். டிஎல்ஆர்7 ஜீனில் ஒரே ஒரு மாற்றம் ஒரு ஸ்பெயின் நாட்டுச் சிறுமிக்கு லூபஸ் கொண்டுவந்ததை 2022-ல் காட்டினார்கள், அதே மாற்றத்தை எலிகளில் வைத்தபோது அவற்றுக்கும் வந்தது. ரொம்பச் சின்ன வயதிலேயே நோய் வந்தால் டாக்டரே எழுதிக்கொடுத்துப் பார்க்க வேண்டியவை இவை. இந்த பேக்கேஜில் இரண்டுமே கிடையாது.

ரிப்போர்ட்டை விளக்கப் போனில் பேசிய லேபின் கவுன்சிலரிடம், இந்த ஸ்கோரை நம் ஊர்க்காரர்களிடம் சரிபார்த்தீர்களா, பெரிய ஆய்வுகள் அதிகமும் ஐரோப்பியர், கிழக்கு ஆசியர் மத்தியில்தானே நடந்தன என்று கேட்டேன். ‘எங்க அல்காரிதம் உலகத் தரம் சார்’ என்றார். சரி, லூபஸ்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதைச் சேர்த்தீர்களா என்றால், இல்லையாம், ஒரே ஜீன்கள் என்றால் ஆணுக்கும் இதே ஸ்கோர்தானாம். அப்புறம் படிவத்தில் பாலினம் எதற்குக் கேட்டார்கள்?

அக்காவைப் பார்க்கும் பாண்டிச்சேரி டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். மூட்டுவலி, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, காரணமில்லாத காய்ச்சல், கால் வீக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் யூரினில் புரதம் மட்டும் பார்க்கச் சொன்னார். ஏஎன்ஏ (சொந்தச் செல்களின் உட்கருவையே எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) கூட வேண்டாமாம், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே சிலருக்கு பாசிட்டிவ் வரும், அதை வைத்து இன்னொரு ரவுண்டு பயப்பட வேண்டியதில்லை என்றார். அறிகுறி இருப்பவர்கள் கோரிமேடு ஜிப்மரில் கிளினிக்கல் இம்யூனாலஜி என்று தனித் துறையே இருக்கிறது, பழைய ரிப்போர்ட்டுகளோடு காலையிலேயே போய்விடுங்கள்.

லேபுக்கு, டேட்டாவை அழித்துவிடுங்கள் என்று மெயில் போட்டிருக்கிறோம். அதற்குப் பதில் இல்லை, அவள் தம்பிக்கும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்று வாட்ஸ்அப் மட்டும் தவறாமல் வருகிறது.