மீன் கருவில் மரபணுவைத் தேட வாங்கிய டிக் லேபிளிங் கிட்: ஆறு மாத அனுபவம்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் ஜீப்ரா மீனின் கருவளர்ச்சியை ஆராய்கிறோம். செல்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைக் கட்டவும் திருத்தவும் செய்யும் நொதிகளின் மரபணுக்கள் எந்த மணி நேரத்தில், எந்தத் திசுவில் வெளிப்படுகின்றன என்று பார்ப்பதற்காக இந்தக் கிட்டை வாங்கினோம். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன்.

டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து கிடைக்கும் டிஜாக்ஸிஜெனினை (சுருக்கமாக ‘டிக்’) ஆர்.என்.ஏ. புரோப்பில், அதாவது தேடும் மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் இழையில், அடையாளமாகக் கோத்து, அதில் கருக்களை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் டிஜாக்ஸிஜெனினோடு ஒட்டும் ஆன்டிபாடியைச் சேர்த்து ஊதா நிறத்தை வரவழைப்பதே முறை. மீனின் உடலில் இப்பொருள் இயல்பாக இல்லாததால், ஆன்டிபாடி தவறான இடத்தில் ஒட்டுவது குறைவு. லேபிளிங் கலவையின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் முயற்சியிலேயே புரோப் நன்றாக அமைந்தது.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒன்றான ஹெப்பரான் சல்பேட்டில் சல்பேட்டை ஏற்றும் நொதியான 6-ஓ-சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் மரபணுவைத் தேடியபோது, 24 மணி நேரக் கருவின் தலை அடர் ஊதாவாகத் தெரிந்தது. மூளையில் வலுவான வெளிப்பாடு என்று மகிழ்ந்தோம். மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டவே முடியாத சென்ஸ் புரோப்பை வேறொரு தட்டில் இட்டுப் பார்த்தபோது, அதிலும் அதே ஊதா, அதே இடத்தில்! மூளையின் உட்குழிகளில் புரோப் சிக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கண்டதில் பெரும்பகுதி வெறும் கறை. இத்தகைய நொதிகளின் மரபணுக்கள் பெரும்பாலும் மங்கலாகவே வெளிப்படுவதால், நிறத்துக்காக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் காத்திருக்கக் கறையும் கூடும். கையேட்டிலோ சென்ஸ் புரோப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிட்டோடு வரும் மாதிரிப் புரோப் பளிச்செனத் தெரிவதால், நம் மரபணுவும் அப்படியே தெரியும் என்ற தவறான நம்பிக்கைதான் மிஞ்சுகிறது.

புரோப் உள்ளே நுழைவதற்காகக் கருவின் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே பதப்படுத்தலுக்குக் கையேடு ஒரே கால அளவைத் தருவதும் பொருந்தாது. 24 மணி நேரக் கருவுக்கு ஏற்ற நேரம் 48 மணி நேரக் கருவுக்குப் போதாது. மார்புத்துடுப்பு மொட்டைப் பார்க்க விரும்புவோருக்கு இது முக்கியம். ஹெப்பரான் சல்பேட்டைக் கட்டும் எக்ஸ்ட்2 நொதி பழுதான ‘டாக்கல்’ என்னும் மரபணுத் திரிபு மீன்களில் அந்தத் துடுப்புதானே வளராமல் போகிறது.

ஐப்பசி இடிமழையில் நள்ளிரவில் மின்சாரம் போய், 65 டிகிரியில் புரோப்பில் ஊறிக்கொண்டிருந்த ஒரு தட்டு முழுவதும் வீணானது உண்மை. அதற்குக் கிட்டைக் குறைசொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் அறிந்த ஆய்வகம் தாராளமாக வாங்கலாம். முதன்முறையாகச் செய்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த முறை லேபிளிங் கலவையையும் ஆன்டிபாடியையும் மட்டும் தனித்தனியாக வாங்க எண்ணியுள்ளோம்.