ஆர்எக்ஸ் 100 பட்டறையில் விடுகிறவர்கள் கவனத்துக்கு: பிளாக்கும் கார்புரேட்டரும் மாறி வருகின்றன

பெங்களூரில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்கி, கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் சரிசெய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்களுக்கு. மற்ற பட்டறைகள் கேட்பதில் பாதிப் பணத்துக்கு ஒருவர் முழு வண்டியையும் புதுசாக்கித் தருகிறேன் என்றால், மீதிப் பாதியை அவர் உங்கள் இன்ஜினிலிருந்து எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எனக்கு அப்படித்தான் நடந்தது.

வண்டி ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருடையது. 1989-ல் எடுத்தது, கைமாறாதது. பல வருடம் மாடிப்படிக்குக் கீழே தூசியில் நின்றிருந்தது. எனக்கு 34,000 ரூபாய்க்குக் கொடுத்தார். ஓடுகிற நிலையில் ஒரு ஆர்எக்ஸ் 100-க்கு இப்போது என்ன விலை சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு குறைவு என்று புரியும். வாங்கியதும் தெரு மெக்கானிக்கை வைத்து இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் தலையில் 0.50 என்ற எழுத்து. கார்புரேட்டர் உடம்பில் மிகுனி, ஜப்பான் என்று வார்ப்பிலேயே இருந்தது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்தேன். பின்னால் அந்தப் படங்கள்தான் எனக்குக் கைகொடுத்தன.

இன்ஜின், பெயின்ட், குரோம், வயரிங் எல்லாம் சேர்த்து விசாரித்த இடங்களில் 45,000-க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் மட்டும் 22,000 என்றார். தமிழ்க்காரர், எங்கள் பக்கத்து ஊர். "தம்பி, நம்ம பையன் வண்டி, இதுல போய் நான் லாபம் பார்ப்பனா?" என்றார். இந்த ஊரில் பிழைக்க வந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அதைத் தெரிந்தே பயன்படுத்தினார் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம்.

வண்டி திரும்பி வந்தபோது பார்க்க அருமையாக இருந்தது. டேங்க் பளபளவென்று, சைலன்சர் முகம் தெரிகிற மாதிரி குரோம். ஆனால் ஓட்டினால் இழுவை இல்லை. மேம்பாலம் ஏறும்போதே மூச்சு வாங்கியது. சில வாரத்தில் ஒருநாள் தும்கூர் ரோட்டில் போகும்போது இன்ஜின் அப்படியே பிடித்து நின்றுவிட்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டத்தில் சீஸ் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வண்டியைக் கலாசிபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வருடக்கணக்காக போர் வேலை, அதாவது சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து சரிசெய்கிற வேலை, மட்டுமே பார்க்கிற பெரியவர். பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரான பிளாக்கைக் கழற்றிப் பிஸ்டனைத் துடைத்துப் பார்த்தார். என் படத்தையும் பார்த்தார். "தம்பி, இது உன் பிளாக் இல்லை" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் உங்களை யாரும் ஏமாற்றுவது கஷ்டம். ஆர்எக்ஸ் 100 இன்ஜினின் போர் 50 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ந்ததும், லேத்தில் உள்சுவரைக் கொஞ்சம் சீவி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் படிப்படியாக ஏறும். என் வண்டியில் 0.50 பிஸ்டன் இருந்தது, அதாவது போர் ஏற்கெனவே 50.50-க்குப் போய்விட்டது. அடுத்து போர் அடித்தால் 0.75-தான் போட முடியும். திரும்பி வந்த வண்டியிலோ ஸ்டாண்டர்ட் பிஸ்டன், 50-க்குச் சரியான போர். சீவிய இரும்பு மறுபடி வளராது. ஒன்று, உள்சுவராக இருக்கிற பழைய ஸ்லீவைத் தூக்கிவிட்டுப் புது ஸ்லீவ் இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாக்கே வேறு. ஸ்லீவ் போட்டதாக பில்லில் ஒரு வரி இல்லை. வார்ப்பும் வேறு: சூடு தணிக்கிற வெளித்தகடுகள் தடிமனாக, ஓரங்கள் கரடுமுரடாக, படத்தில் இருக்கிற எழுத்து எதுவும் இல்லாமல். இந்த மாதிரி லோக்கல் பிளாக்குகளில், வாயு உள்ளே வந்து வெளியே போகிற துளையான போர்ட் திறக்கிற உயரமே சில சமயம் மாறிப்போயிருக்கும், அதனால்தான் இழுவை போகிறது என்றார். கார்புரேட்டரும் எழுத்தே இல்லாத ஒன்று. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்க்கைப் பிரித்தபோது, அதைப் பிஸ்டனோடு இணைக்கிற கனெக்டிங் ராடும் பழையது இல்லை என்று தெரிந்தது. அதற்கு என்னிடம் படம் இல்லை, அதனால் அதைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை.

ஏன் இதைச் செய்கிறார்கள்? ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது. ஆரம்ப வருடங்களில் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே எஸ்கார்ட்ஸ் ஆலையில் கோர்க்கப்பட்டன. அந்தக் காலத்து பிளாக், கிராங்க், கார்புரேட்டர் ஆகியவற்றுக்கு ஆசைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கத் தயார். உங்களுக்குப் பழைய இரும்பாகத் தெரிவது அவர்களுக்குத் தங்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற இன்ஜின் நம்பர் கீழே, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில்தான் அடித்திருக்கும். பிளாக், ஹெட், கார்புரேட்டர், உள்ளே இருக்கிற கிராங்க் எதிலும் அந்த நம்பர் கிடையாது. திருடியவருக்கு ஆர்டிஓ பயமே இல்லை, நம்பரெல்லாம் சரியாகவே இருக்கும்.

பட்டறைக்காரரிடம் நேரில் கேட்டேன். முதலில் "போர் தேஞ்சிருந்துது தம்பி, ஏத்தி அடிச்சோம்" என்றார். ஏற்றி அடித்தால் எப்படி ஸ்டாண்டர்ட் பிஸ்டன் உட்காரும் என்று கேட்டதும் பேச்சு மாறியது. பையன் ஏதோ மாற்றிப் போட்டிருப்பான், நான் ஊரில் இல்லை, நீ எடுத்துப்போன பிறகு வேறு எங்கேயோ மாறியிருக்கும். கடைசியில் கார்புரேட்டரை மட்டும் ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் படத்தில் இருந்த அதே கீறலோடு. பிளாக் வரவே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் அப்போதுதான் யோசித்தேன். வேலைக்கு நடுவில் அவர் "எஃப்சி நானே பண்ணித் தர்றேன், 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று கேட்டிருந்தார். எஃப்சி என்றால் பழைய வண்டியின் தகுதிச் சான்று, 29, 30 என்பவை ஆர்டிஓ படிவங்கள். நான் கொடுக்கவில்லை. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கத் தேவைப்படுவது படிவம் 25. 29-ம் 30-ம் ஓனர் பெயர் மாற்றுவதற்கு உரியவை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வண்டியே உங்கள் பெயரிலிருந்து போய்விடலாம்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள். நம்பிக் கொடுத்த பொருளை எடுத்துக்கொள்வது போலீஸில் புகார் கொடுக்கக்கூடிய குற்றமும்தான், பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-வது பிரிவு. முன் படம், பின் படம், கூகுள் பே ரசீது, லேத் பெரியவர் அளந்து எழுதிக் கொடுத்த சீட்டு, இவை நான்கும்தான் என் கையில் இருக்கிற ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்த அட்வான்ஸுக்குச் சாட்சி இல்லை.

அடுத்த வண்டிக்கு நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். மொத்த வண்டியையும் ஒரே இடத்தில் விட மாட்டேன். இன்ஜினை இறக்கி, போர் வேலைக்கு பிளாக்கையும் பிஸ்டனையும் நானே லேத்துக்குக் கொண்டுபோய், அடிக்கும்போது பக்கத்தில் நிற்பேன். டேங்க்கும் பிரேமும் பெயின்ட்டுக்குத் தனியாகப் போகும். இதில் அலைச்சல் உண்டு, ஆனால் செலவும் குறைகிறது, ஒவ்வொருவர் கைக்கும் அவர் வேலைக்கு உரிய பாகம் மட்டுமே போகிறது. பிளாக்கின் அடிப்பக்கம், கார்புரேட்டரின் உட்புறம் போல யார் கண்ணிலும் படாத இடத்தில் பஞ்ச் வைத்து ஒரு சின்னப் புள்ளி அடித்து வைப்பேன். ஜேசி ரோட்டில் பாகம் வாங்கினால் பில் வாங்குவேன். பிரேமுக்கு பவுடர் கோட்டிங் போடுவதாக இருந்தால், கழுத்தில் இருக்கிற சேஸ் நம்பர்மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கோட்டிங் எழுத்துக் குழியில் இறங்கி அடைத்துவிட்டால் ஆர்டிஓவில் நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுக்கும்போது சிக்கல்.

அந்தப் பட்டறை இன்றும் நடக்கிறது. பெயரை இங்கே போடவில்லை, மனு விசாரணையில் இருக்கிறது. இப்போது உங்கள் வண்டி எந்தப் பட்டறையிலாவது பிரித்துக் கிடந்தால், கோர்ப்பதற்கு முன்னால் போய் பிளாக்கையும் பிஸ்டனையும் கையில் வாங்கிப் பாருங்கள். அளவு எழுத்தும் வார்ப்பு எழுத்தும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, அங்கே நின்றபடியே பட்டறைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.