திடநிலை லித்தியம்-கந்தக செல்: பாலிமரா, சல்ஃபைடா?

காட்பாடியில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக நானும் என் தோழியும் ஒரே மேசையில் இந்த செல்லைச் செய்தோம். ஒரு பக்கம் லித்தியம், மறுபக்கம் கந்தகம், நடுவில் அயனி கடந்துபோகும் எலக்ட்ரோலைட் திரவமாக இல்லாமல் திடப்பொருளாக இருக்கும் பேட்டரி இது. அந்த எலக்ட்ரோலைட்டுக்கு அவள் பி.இ.ஓ. (பாலிஎத்திலீன் ஆக்சைடு) பாலிமர் எடுத்தாள், நான் ஆர்ஜிரோடைட் என்ற படிக வகை சல்ஃபைடு. இன்று மறுபடி கேட்டாலும் சல்ஃபைடுதான் எடுப்பேன்.

கந்தகம் மலிவு, கிராமுக்கு 1,675 மில்லிஆம்பியர்-மணி வரை தாங்கும் என்பதெல்லாம் தெரிந்ததே, விட்டுவிடுகிறேன்.

பாலிமரில் கைவேலை சுலபம். கரைசலை டெஃப்லான் தட்டில் ஊற்றிக் காயவிட்டு, கூழ் வற்றல் மாதிரி உரித்து எடுத்துவிடலாம். ஆனால் 60 டிகிரி சூடு இருந்தால்தான் அயனி ஒழுங்காக நகரும். கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டும், அதுவே போதாது. சரி, சூடாக்கினால், கந்தகம் லித்தியத்தோடு சேரும்போது இடையில் உண்டாகும் பாலிசல்ஃபைடு அந்தப் பாலிமரிலேயே கரைந்து லித்தியம் பக்கம் போய்ச் சேருகிறது. திரவ எலக்ட்ரோலைட்டிலும் இதே தொல்லைதான், அதை விட்டு வந்ததே இதற்காகத்தானே? அவள் செல்லைப் பிரித்தபோது வெள்ளைப் படலம் பழுப்பு மஞ்சளாகிக் கிடந்தது.

சல்ஃபைடில் அந்தக் கரைதல் இல்லை, அறை வெப்பத்திலேயே அயனி ஓடுகிறது. ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். ராணிப்பேட்டை டேனரி பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை வாடை தெரியும், ஆனால் விஷவாயு அது, ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள்ளேயே (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) வேலையை முடிக்க வேண்டும்.

உண்மையான தலைவலி அழுத்தம். கந்தகம் லித்தியத்தை வாங்கிக்கொள்ளும்போது ஏறத்தாழ 80 சதவீதம் உப்பும், விடும்போது சுருங்கும். திரவமாக இருந்தால் இடைவெளியில் புகுந்து நிரப்பிவிடும், திடப்பொருள் அப்படி நகராது, ஒருமுறை விலகினால் அந்தத் துகள் செத்த மாதிரிதான். அதனால் இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டுகிறோம். 10 மில்லிமீட்டர் வில்லைக்கு 50 மெகாபாஸ்கல் என்றால் அதன்மேல் 400 கிலோ ஏற்றிய மாதிரி. என் செல்லைவிட அதைப் பிடித்திருந்த இரும்புச் சட்டமும் போல்ட்டுகளும் பல மடங்கு கனம். ஒரு போல்ட் தளர்ந்த அன்றே கொள்ளளவு சரிந்தது, மறுபடி முறுக்கியும் முழுதாகத் திரும்பவில்லை. ஸ்கூட்டரில் இதை எப்படிச் சுமப்பது?

இன்னொன்று, லித்தியம் ஊசியாக வளர்ந்து சல்ஃபைடையும் துளைக்கும் என்பதால் நான் லித்தியத்தோடு இண்டியம் என்ற உலோகத்தைக் கலந்தேன். அதனால் செல் தரும் 2.1 வோல்ட்டில் 0.6 அப்படியே போயிற்று. அப்புறம், நான் ஓட்டியதெல்லாம் சின்ன வில்லை செல்தான், பை மாதிரி உறைக்குள் அடைக்கும் பெரிய பவுச் செல் கட்டியதில்லை.

கிளவ் பாக்ஸ் இல்லாத கல்லூரி என்றால் பாலிமரிலேயே ஆரம்பியுங்கள். இருந்தால் சல்ஃபைடு எடுங்கள், பொடி வாங்கும் முன் போல்ட்டை அளவாக முறுக்க நல்ல டார்க் ரென்ச் (torque wrench) ஒன்றை வாங்கிவிடுங்கள்.