100 மதிப்பெண்ணா, 28 நாள் கணக்கா?

இணையப் பக்கங்களின் வேகத்தை அளந்து சொல்லும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் ஒரு தளத்தின் முகவரியை இட்டால் இரண்டு தீர்ப்புகள் வருகின்றன. மேலே, கடந்த 28 நாள்களில் குரோம் உலாவியில் அந்தத் தளத்தைத் திறந்தவர்களிடமிருந்து திரட்டிய கணக்கு. கீழே, லைட்ஹவுஸ் என்ற கருவி அந்த நிமிடத்தில் தானே பக்கத்தைத் திறந்து பார்த்துப் போடும் மதிப்பெண். வட்டத்துக்குள் பெரிய எழுத்தில் இருப்பதால் எல்லோர் கண்ணும் இரண்டாவதன் மீதுதான் விழுகிறது. தேடல் வரிசைக்குக் கூகுள் எடுத்துக்கொள்வதோ முதலாவதை.

நான் நடத்தும் சமையல் குறிப்புத் தளத்தில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லைட்ஹவுஸ் 96 கொடுத்தது. மேலே ‘தேறவில்லை’ என்று சிவப்பு. பல நாள் குழம்பினேன். பிறகு பழைய கைபேசி ஒன்றில் இட்லிப் பக்கத்தைத் திறந்து மெல்லக் கீழே நகர்த்தினேன். வெந்தயத்தின் அளவைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்த படம் தாமதமாக வந்து விரிந்தது; வரி கண்ணைவிட்டு நழுவிக் கீழே ஓடிவிட்டது. படங்களுக்கு அகலமும் உயரமும் குறிக்காமல் விட்டிருந்தேன். லைட்ஹவுஸ் பக்கத்தைத் திறப்பதோடு சரி, கீழே நகர்த்திப் பார்ப்பதில்லை. அதனால் இந்தச் சரிவு அதன் கண்ணில் படவே இல்லை.

பொத்தானைத் தொட்டால் பக்கம் எவ்வளவு விரைவாக அசைகிறது என்பதும் அப்படியே. 2024 மார்ச் முதல் ஐஎன்பி என்ற அளவுகோல் இதை அளக்கிறது; 200 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது. தொடுவதற்கு ஆள் இல்லாத சோதனையில் அதை எப்படி அளப்பது? முதன்மையான படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், வரிகள் நழுவும் சரிவுக்கான மதிப்பு 0.1-ஐத் தாண்டக் கூடாது என்பவை மற்ற இரண்டு. நான்கில் மூன்று வருகைகளாவது இந்த எல்லைக்குள் அமைய வேண்டும்.

அதற்காக லைட்ஹவுஸை ஒதுக்கிவிட முடியாது. எந்தக் கோப்பு பக்கத்தை இழுத்துப் பிடிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டுவது அதுதான். வாசகர் குறைவான புதிய தளங்களுக்கு மேல்கணக்கே வராது. அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. மேல்கணக்கோ மந்தமானது: இன்று திருத்தினால் முழுதும் தெரிய 28 நாள் ஆகும். ஐபோனில் திறப்பவர்கள் அதில் சேர்வதும் இல்லை. பழுது பார்க்கும்போது லைட்ஹவுஸையும், பழுது தீர்ந்ததா என்று அறிய மேல்கணக்கையும் நான் நம்புகிறேன். 96-ஐ 100 ஆக்க ராத்திரி கண்விழிப்பது வீண் வேலை.

தேடல் வரிசையில் வேகத்தின் எடையையும் மிகைப்படுத்துகிறார்கள். 2010-இல் அதை வரிசையில் சேர்த்தபோது, 100 தேடல்களில் ஒன்றுக்கும் குறைவாகவே மாறும் என்று கூகுளே சொன்னது. 2018-இல் கைபேசித் தேடலுக்கும் வந்தது. 2021-இல் இன்றைய அளவுகோல்கள் சேர்ந்தன; ஐஎன்பி மட்டும் 2024-இல் வந்தது. ஆனாலும் கேட்டதற்குப் பொருத்தமான விடைக்கே முதல் மரியாதை.

படங்களுக்கு அளவு குறித்தேன். ஒரு மாதத்தில் சிவப்பு பச்சையானது. தேடலில் அதே நான்காம் இடம். முதலிடத்தில் இருக்கும் பக்கம் என்னுடையதைவிட மெதுவாகத்தான் திறக்கிறது. மாவு கோடையில் எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும், மார்கழியில் எத்தனை என்று அதில் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள்.