செடி பேரு சொல்ற ஆப்: தும்பைக்கு முன்னாடி நிக்கல

தாராபுரத்து மாப்ள ஒருத்தரு போன் பண்ணி, ஏனுங் மச்சான், செடி பேரு சொல்ற ஆப்ல வருசச் சந்தாவ கொறச்சிருக்கறாங்களாமா, நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கறீங்களே, கட்டலாமுங்களான்னாரு. அவருக்குச் சொன்னத இங்கயும் போட்டுடறேன்.

மொதல்ல நல்லதச் சொல்லோணும். மரம், வேலி, கொடின்னா அது கெட்டிதானுங்க. கொறங்காட்டு வெள்வேலு, முள்கிளுவை, இட்டேரில ஏறிக் கெடக்கற பெரண்டை, எதுக்கு நேரா நீட்டுனாலும் டக்குனு பேரு வந்துரும். நொச்சியக் கூட துளசி, தும்பை இருக்கற குடும்பத்துலயே காட்டுது, பழைய புத்தகத்துல அது உண்ணிச்செடி குடும்பத்துல இருந்துச்சு, பொறவுதான் இங்க மாத்துனாங்க, அந்த அளவுக்கு அப்டேட்டாத்தான் வெச்சிருக்கறாங்க.

ஆனா தும்பைக்கு வந்தா எனக்கு பொறுக்கவே மாட்டேங்குது. மழை பேஞ்சு மேட்டாங்காடெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்கும், அதுல எதப் போட்டோ எடுத்தாலும் லூக்காஸ் ஆஸ்பெரான்னு, அதாவது தும்பைன்னு, ஒரே பதில். தரையோட படந்து கணுவுக்கு ரெண்டே பூ விட்டிருக்கற லூக்காஸ் பைஃப்ளோரான்னு அதே சாதில இருக்கற வேற செடிக்கும் அதே பேரு! தும்பைல பூ கணுவச் சுத்தி உருண்டையா கொத்தா இருக்கும், கண்ணால பாத்தாலே தெரியற வித்தியாசம் இது. ஆப் பூவோட மூஞ்சியத்தான் பாக்குது, மேல முடி மொளைச்ச குல்லா, கீழ மூணா பிரிஞ்ச வெள்ளை ஒதடு, அது லூக்காஸ்ல எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தானுங்களே இருக்கும்.

பாக்கவேண்டியது புல்லிக்குழாய், அதாவது வெள்ளைப்பூவ அடில புடிச்சிருக்கற பச்சைக் குழாய். பூவ மெல்ல உருவுனா கையோட வந்துரும், குழாய் செடிலயே நிக்கும். ஆஸ்பெராவுல குழாய் வளைஞ்சிருக்கும், கீழ்ப்பாதி வழுவழுன்னு, மேல்பாதி வரிவரியா சொரசொரன்னு, வாய் நல்லா சாஞ்சு மேல்பக்கத்துப் பல்லு மட்டும் பெருசா. கேம்பிள்ங்கற செடி ஆராய்ச்சிக்காரரு 1915ல ஆரம்பிச்சு, அவரு போன பொறவு ஃபிஷர் 1936ல முடிச்ச மெட்ராஸ் மாகாணச் செடிப் புத்தகத்தக் காசில்லாம எறக்கிக்கலாம், அந்தக் காலத்துல இருந்து இந்தக் குழாயத்தான் பாத்துட்டு இருக்கறாங்க. சந்தா வாங்கற ஆப் ஒருதடவையாவது "குழாய பக்கவாட்டுல ஒரு படம் எடுங்க"ன்னு கேக்கலாமல்லங்க? இத்தன நாள்ல கேட்டதேயில்ல, ரெண்டு தடவ எழுதிப் போட்டும் நன்றின்னு ஒரு மெயிலோட சரி.

துளசி விசயத்துலயும் இதே கதைதான். ரோட்டோரத்துல வாசமா நிக்கற ஹிப்டிஸ, அது அமெரிக்காப் பக்கத்துல இருந்து வந்த களை, துளசிங்குது. ரெண்டுக்கும் தண்டு சதுரம், எல எதிரெதிர், வெதைய தண்ணில போட்டா ரெண்டுமே வழவழன்னு ஊதும், அதனால அதையெல்லாம் வெச்சு சண்ட போட முடியாது. புல்லிய பாத்தா முடிஞ்சுது. துளசி சாதில மேல்பல்லு மட்டும் அகலமா வட்டமா மூடியாட்டம் இருக்கும், ஹிப்டிஸ்ல அஞ்சு பல்லும் ஊசியா ஒரே அளவு.

இதெல்லாம் எனக்குக் காட்டுனது டவுன்ஹால் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் விக்கற கடைல வாங்குன பத்து மடங்கு லென்ஸுங்க. சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம், சட்டப் பைல கெடக்கும். பூ உதுந்த குழாய்க்குள்ள அடில நாலு குட்டிக் கொட்டை ஒட்டி உக்காந்திருக்கறத அதுல மொதத்தடவ பாத்தப்ப ஏற்பட்ட சந்தோசம் அந்த ஆப் ஒருநாளும் குடுத்ததில்ல. உண்ணிச்செடிக்கும் சதுரத்தண்டுதான், ஆனா அதுல இருக்கறது கருப்பா சதைப்பழம், கொட்டை அதுக்குள்ளதான் இருக்கும்.

அதனால மாப்ள, பத்துக்கு எட்டு செடிக்கு சரியாத்தான் சொல்லுது, நான் இல்லீங்கல. இருந்தாலும் கட்டாதீங்க. லென்ஸ் வாங்குங்க. சந்தேகம்னா எனக்கு அனுப்புங்க, பூவோட படம் வேண்டாம், குழாயோட படம் மட்டும்.