காம்பு வெடிப்புக்கு லேசர்: மூன்று முறை மலையிறங்கலாமா?

சென்ற மார்கழியில், பிள்ளை பெற்ற ஆறாம் நாள், நாகலூரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "அக்கா, பிள்ளை பசித்து அழுதாலே எனக்குப் பயமாக இருக்கிறது. காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. சேலத்தில் லேசர் வைக்கிறார்களாம், மூன்று முறை வர வேண்டுமாம். வரட்டுமா?"

நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். தையல் ஆறாத பச்சை உடம்பு. சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவு ஒவ்வொரு வழியையும் எடை போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லேசர் என்றதும் வெட்டும், சுடும் என்று மனம் பதறும். இது அப்படியல்ல. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைப் புண்ணின் மேல் சிறிது நேரம் காட்டுவார்கள், சூடே தெரியாது. உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சுவதால் வீக்கம் தணிந்து தோல் விரைவில் கூடுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். 1960களில் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், எலிகளின் மழித்த தோலில் லேசர் பட்ட இடத்தில் முடி வேகமாக வளர்வதைக் கண்டார். அங்கிருந்து வளர்ந்து வந்த வைத்தியம் இது. பாலில் எதுவும் கலக்காது, துடைக்கவும் வேண்டாம். தாய்க்குக் கண்ணாடி போட வேண்டும். பிள்ளையை அந்த அறையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

பலன் உண்டா? பிரேசிலில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. 2016இல் வெளியான ஆய்வில் மூன்று முறை ஒளி காட்டப்பட்ட தாய்மார்களுக்கு, வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி குறைந்தது. 2020இல் வெளியான இன்னொன்றில் ஒரே முறை காட்டினார்கள். வலி குறையவில்லை, சிலருக்குக் குத்தலும் கூச்சமும் ஏற்பட்டன. ஆகவே, "ஒரு தடவை வைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதுகுவலிக்கு வைக்கும் கருவியையே இதற்கும் எடுக்கும் இடமாக இருந்தால், காம்புப் புண்ணுக்கு என்ன அளவு வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது பூச்சு. கடையில் கிடைக்கும் லானோலின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. வீட்டில் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தன் பாலையே இரண்டு சொட்டுப் பிழிந்து தடவிக் காயவிடுவது. பல மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2014இல் வெளியானது. அது 656 பெண்கள் பங்கேற்ற நான்கு சோதனைகளை அலசியது. எதுவும் தடவாமல் விடுவதோ தாய்ப்பால் தடவுவதோ லானோலினுக்குக் குறைந்தவை அல்ல என்றது. எதைச் செய்தாலும் பிரசவத்துக்குப் பின் 7 முதல் 10 நாட்களில் பெரும்பாலோருக்கு வலி லேசாகிவிடுகிறது என்றும் சொன்னது. தங்கைக்கு அன்று ஆறாம் நாள்! இதைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. காம்பின் மேல் மாட்டும் சிலிகோன் உறையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்து அளவு பார்த்துக் கொடுத்தால் மட்டும் போடலாம்.

இனி, நான் உண்மையில் பேச விரும்பும் இடம். பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால், நாக்குக்கும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதிக்கும் நடுவே காம்பு நசுங்குகிறது. நாளொன்றுக்குப் பத்து முறை நசுங்கும் புண்ணை எந்த ஒளி ஆற்றும்? சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மூன்று முறையும் லேசர் வைத்துக்கொண்டாள். வலி குறைந்தது உண்மை. அடுத்த வாரமே அதே இடத்தில் வெடித்தது. கவ்வும் முறையை யாரும் பார்க்கவே இல்லை.

பால் குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. சாய்வாகச் சீவிய பேனா முனை போல இருந்தால் நசுங்குகிறது. பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். கொட்டாவி போல வாய் அகலத் திறந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள். முகவாய் மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். வலித்தால் இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி கொடுங்கள். எப்படிக் கொடுத்தாலும் சரியாகவில்லை என்றால் பிள்ளைக்கு நாக்குக் கட்டு (நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாகி நாக்கைப் பிடித்துக்கொள்வது) இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். தாங்கவே முடியாத பக்கத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, பாலைப் பிழிந்து பாலாடையில் புகட்டலாம்.

மலையில் இன்னொரு வலியும் உண்டு. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி, காம்பு வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். எரிச்சல் உயிர் போகும். அதற்கு மருந்து கதகதப்புதான்.

ஆகவே என் தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. சேலம் நகரத்துக்குள் இருப்பவர், கவ்வும் முறையைத் திருத்திய பிறகும் ஆழமான வெடிப்பு ஆறவில்லை என்றால், மூன்று முறை லேசர் வைத்துக்கொள்ளலாம். மலையில் இருப்பவர் அதற்காக இறங்க வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, மார்பு சிவந்து கட்டிக்கொண்டாலோ மட்டும் எந்த ஊரானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தங்கையிடம், "நீ வராதே, நான் வருகிறேன்" என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். கிராம சுகாதார செவிலியரும் வந்து, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினார். இடப்பக்கம் நான்கு நாளில் ஆறிவிட்டது. வலப்பக்கத்துக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது; அந்த வாரம் முழுவதும் தங்கை விடியற்காலையில் கம்பளியை மார்பு வரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் பால் கொடுத்தாள்.